நிகிஷோவியெட்ஸ் - ஒரு செங்கற் குடியிருப்பின் கதை

நிலக்கரிச் சுரங்கம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது புகையும் தூசியும் படிந்த ஓர் ஊரும், அதன் ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் தொழிலாளர் குடிசைகளுமே. போலந்து நாட்டின் தென்பகுதியிலுள்ள மேல் சைலீசியா முழுவதும் கரியால் வளர்ந்த பூமிதான். அதன் தலைமை நகரான கட்டோவிட்சே நகர உரிமை பெற்றதே 1865இல்தான். ஆனால் அந்நகரின் கிழக்குப் பகுதியில் உள்ள நிகிஷோவியெட்ஸ் என்னும் குடியிருப்பு, நாம் மேலே எண்ணிய காட்சிக்குச் சற்றும் பொருந்தாதது. கட்டிடக் கலை பயில்வோர் நாடிச் சென்று பார்க்கும் தொழிலாளர் குடியிருப்பு அது.

பெயர் சற்றே வாயில் நுழையாதது; காரணம் எளியது. அங்கிருந்த சுரங்கக் குழி ஒன்றுக்கு நிக்கிஷ் என்ற பிரபுவின் பெயரை இட்டிருந்தார்கள். குழியின் பெயரே குடியிருப்பின் பெயருமாயிற்று. அன்று அப்பகுதி ஜெர்மானியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. சுரங்கத்தின் உரிமையாளர் கீஷே கம்பெனியார். 1704இல் துத்தநாகக் கனிமம் தோண்டும் உரிமையைப் பெற்ற கீஷே என்னும் வணிகரின் வாரிசுகள் நடத்திய பழம்பெரும் நிறுவனம் அது.

கம்பெனியின் இயக்குநர் ஊத்தெமான், பெர்லினை அடுத்த சார்லட்டன்பர்க்கைச் சேர்ந்த ஸில்மான் குடும்பத்து எமில், கியோர்க் என்ற இரு கட்டிடக் கலைஞர்களிடம் பணியை ஒப்படைத்தார். அவர்கள் முதலில் அமைத்தது பக்கத்திலுள்ள கிஷோவியெட்ஸ். 1907 முதல் 1910 வரை கட்டப்பட்ட அவ்வூர், மரங்களுக்கிடையே தோட்டத்துடன் கூடிய சிறு சிறு வீடுகள் கொண்டது. சைலீசியக் கிராமத்துக் குடியானவன் வீட்டைப் போன்ற தோற்றம் உடையது. அழகுதான், ஆனால் இடம் மிகுதியாகப் பிடித்தது. ஆகவே 1908இல் தொடங்கிய நிகிஷோவியெட்ஸில் வேறு வழியைக் கையாண்டார்கள்.

செங்கல்லால் ஆன மூன்றடுக்குக் கட்டிடங்கள், நடுவே பெரிய முற்றத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. இத்தகைய தொகுதிகள் மொத்தம் ஒன்பது. ஒரு தொகுதியையும் அடுத்த தொகுதியையும் தெருவுக்கு மேலே வளைவுகள் இணைக்கின்றன. ஏறத்தாழ ஆயிரம் வீடுகள். பெரும்பாலான வீடுகளில் இரண்டு அறைகளும் ஒரு சமையலறையும் உண்டு. பரப்பு சுமார் 63 சதுர மீட்டர். ஒரே செங்கல், ஒரே உயரம் என்றால் சலிப்புத் தட்டாதா என்று கேட்கலாம். அங்கேதான் அக்கலைஞர்களின் திறமை தெரிகிறது. ஒரு வாசலைப் போல் இன்னொரு வாசல் இல்லை. செங்கற்களை அடுக்கிய முறையிலும், வளைவுகளிலும், மாடங்களிலும் தொகுதிக்குத் தொகுதி வேறுபாடு காட்டியிருக்கிறார்கள். ஜன்னல்களின் ஓரச் சுவர்களுக்குச் சிவப்புச் சாயம் பூசுவது அவ்வூரின் வழக்கம்.

முற்றங்களில் பன்றி, கோழி வளர்க்கும் கொட்டில்களும், ரொட்டி சுடும் பொது அடுப்புகளும் இருந்தன. கிராமங்களிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள் தம் வாழ்க்கை முறையை முற்றிலும் விட்டுவிடாதபடி செய்த ஏற்பாடு இது. கடைகள், பள்ளி, துணி வெளுக்கும் பொதுக்கூடம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் அமைந்தன. சதுக்கத்தில் உள்ள தபால் நிலையக் கட்டிடத்தின் முகப்பில் மொசைக்கால் ரோஜாப் பூக்களை இழைத்திருக்கிறார்கள். சைலீசியப் பெண்களின் பூவேலை ஆடைகளை நினைவூட்டும் சிவப்பு ரோஜாக்கள். அருகே புனித அன்னாள் தேவாலயம். 1914இல் அடிக்கல் நாட்டப்பெற்று, உலகப் போரால் தடைப்பட்டு, 1927இல்தான் முடிவுற்றது. 1914இல் தொடங்கிய ஒரு குறுகிய பாதை இரயில் இக்குடியிருப்பை கிஷோவியெட்ஸோடும் ஷொப்பியெனிட்சேயோடும் இணைத்தது. "பால்கன்" என்று மக்கள் அழைத்த அந்த வண்டியில் 1977இல் அது நிற்கும் வரை கட்டணமே கிடையாது!

இவ்வளவையும் கம்பெனி அன்பினால் மட்டுமே செய்தது என்று எண்ணிவிடக் கூடாது. சுரங்கத்துக்கு நிலையான ஆட்கள் வேண்டும். கம்பெனி வீட்டில் குடியிருப்பவன் வேலையை விட்டால் வீட்டையும் விடவேண்டும் என்பது எந்நாட்டிலும் உள்ள கதை. நல்ல வீடு நல்ல விலங்காகவும் பயன்படும். வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது, இரயிலும் கம்பெனியுடையது என்றால் தொழிலாளியுடையது எது?

விடையைக் காலம் மெல்லமெல்லச் சொல்லிற்று. 1919, 1920, 1921 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சைலீசியாவில் போலந்து மக்களின் கிளர்ச்சிகள் வெடித்தன. 1922இல் இப்பகுதி போலந்துடன் சேர்ந்தது. 1926இல் சுரங்கம் ஹாரிமான், அனகோண்டா என்னும் அமெரிக்க முதலாளிகளின் பிடிக்குள் சென்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசுடைமையாகி, வியெச்சோரெக் சுரங்கம் எனப் பெயர் பெற்றது. உரிமையாளர்கள் இப்படி மாறிக்கொண்டே இருக்க, தலைமுறை தலைமுறையாக அதே முற்றங்களில் குடியிருந்தவர்கள் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களே.

அவர்களுள் சிலர் ஓவியர்களும் ஆயினர். இவர்களை "யானூவ் குழு" என்பர். சுரங்கத்தின் மின்நிலையத்தில் பணிபுரிந்த தியோஃபில் ஒச்சியெப்கா கனவுலக விலங்குகளை வரைந்தார். ஏவால்ட் காவ்லிக் தம் குடியிருப்பின் அன்றாட வாழ்வையே வரைந்தார். 2021இல் மறைந்த எர்வின் சூஃப்காவுக்கு இந்தியத் தத்துவத்திலும் ஈடுபாடு இருந்தது என்பது நமக்குச் சுவையான செய்தி.

இனி கிஷோவியெட்ஸுக்கு நேர்ந்ததைப் பார்ப்போம். 1970களில் அதன் தோட்ட வீடுகளில் பெரும்பகுதியை இடித்துவிட்டு உயர்ந்த அடுக்கு மாடிகளை எழுப்பினார்கள். எஞ்சியது மூன்றில் ஒரு பங்குதான். ஷொப்பியெனிட்சேயில் பிறந்த திரைப்பட இயக்குநர் காஸிமிய் குட்ஸ், தம் வீட்டைக் காலி செய்ய மறுக்கும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவரைப் பற்றி 1980இல் வெளிவந்த படத்தில் இதையே கருவாகக் கொண்டார். முன்பு கம்பெனியின் பிடியாக இருந்த வீடு, அந்தக் கிழவருக்கு உயிரினும் மேலாகிவிட்டது! இவரே 1970, 1972 ஆண்டுகளில் எடுத்த வேறு இரு சைலீசியப் படங்களில் நிகிஷோவியெட்ஸின் செங்கற் தெருக்களைக் காணலாம்.

நிகிஷோவியெட்ஸ் 1978இல் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்ததும் அதைக் காப்பாற்றியது என்று தோன்றுகிறது. இடித்தாலும் புதிதாக இடம் கிடைக்காதே. 2011இல் குடியரசுத் தலைவரின் ஆணையால் அது "வரலாற்றுச் சின்னம்" என்னும் உயர்ந்த தகுதியும் பெற்றது. சுரங்கமோ 2018இல் கரி வெட்டுவதை நிறுத்திவிட்டது. வில்சன் என்ற குழியின் கட்டிடங்களில் ஓவியக்கூடம் இயங்குகிறது. துணி வெளுத்த கூடம் கட்டோவிட்சே வரலாற்று அருங்காட்சியகத்தின் கிளையாகியிருக்கிறது. அந்நாளில் பெண்கள் துவைத்த முறையையும், சுரங்கத் தொழிலாளி வீட்டுச் சமையலறையையும் அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கு வெளியே, வளைவுகளைத் தாண்டி உள்ளே போனால் முற்றங்களில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன.