பித்தப்பைக் கல்: ‘கேஸ்’ என்று தள்ளிப்போடாதீர்கள்

திருத்தணி மலைப்படிகள் 365. பாதிப் படியிலேயே மூச்சு வாங்கும்போதுதான் உடம்பு கனத்துவிட்டது பலருக்கும் உறைக்கிறது. உடனே மூட்டும் இதயமும் நினைவுக்கு வரும், பித்தப்பை வராது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள்.

எடை கூடினால் கல் ஏன் வருகிறது?

கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்துவைக்கும் சிறு பைதான் பித்தப்பை. எடை ஏறினால் கல்லீரல் பித்தநீரில் கொலஸ்ட்ராலை அதிகமாகக் கலக்கும். கரையாத மிச்சம், முற்றிய பாகில் சர்க்கரை பூப்பதுபோலப் படிந்து கல்லாகிறது. பை சுருங்கி விரிவதும் மந்தமாகிவிடும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனாலும் கர்ப்ப காலத்தாலும் பெண்களுக்கு இது அதிகம்.

கிருத்திகை விரதம் இருந்தால் ஆகாதா?

மாதத்தில் ஒருநாள் விரதத்துக்குப் பயப்பட வேண்டாம். பட்டினி கிடந்து வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் இளைப்பதுதான் ஆபத்து. அப்போதும் கல் வரும். மெதுவாக இளைப்பதே நல்லது.

வாழைத்தண்டுச் சாறு கரைக்குமா?

கரைக்காது. சிறுநீரகக் கல் வேறு, இது வேறு.

வலி எப்படி இருக்கும்?

கல்யாணச் சாப்பாட்டில் வடை, அப்பளம், நெய்ச்சோறு சாப்பிட்ட ராத்திரி, வலது விலாவுக்குக் கீழே அல்லது மேல்வயிற்றில் பிடிக்கும். வலது தோள்பட்டை வரை ஏறும். சோடா குடித்துப் படுப்பார்கள். சில மணி நேரத்தில் தானே அடங்கும். ‘கேஸ்தான்’ என்ற நம்பிக்கை உறுதியாகிவிடும். இந்த நம்பிக்கைதான் நோயாளிகளைத் தாமதப்படுத்துகிறது.

கல் இருந்தாலே ஆபரேஷனா?

வலி தராத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விடலாம். அடிக்கடி வலித்தால் பையையே எடுப்பதுதான் வழி. இந்தியாவில் 1990-இல் மும்பையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா தொடங்கிவைத்த லேப்ராஸ்கோப்பி முறையில், சிறு துளைகள் வழியாகவே எடுக்கிறார்கள். பை போனாலும் கல்லீரல் பித்தநீரைச் சுரந்துகொண்டேதான் இருக்கும், செரிமானம் நடக்கும்.

வலியோடு காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சேர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி, கல் இருக்கிறதா என்று பார்க்க வயிற்று ஸ்கேன் எடுக்கப் போகும்போது ஆறு மணி நேரமாவது வெறும் வயிற்றோடு போங்கள். சாப்பிட்டிருந்தால் பை சுருங்கி, கல் கண்ணில் படாமல் போகலாம்.