மரவள்ளி இலையும் செயற்கை நுண்ணறிவும்

வறுமைப்பட்ட கிராமங்களின் வாழ்வைச் செயற்கை நுண்ணறிவு உயர்த்தும் என்னும் கூற்று இந்நாளில் பல மேடைகளிலும் ஒலிக்கின்றது. கூற்றோ பெரிது. அதன் மெய்ம்மையை அறிய விரும்புவோர் ஏதேனும் ஒரு பயிரையும் ஒரு நிலத்தையும் எடுத்துக்கொண்டு, ஆங்கு யந்திரம் செய்தது யாது, செய்ய மாட்டாதது யாது என நுணுகி நோக்குதல் வேண்டும். அத்தகைய ஆராய்ச்சிக்கு ஏற்ற களம் கிழக்கு ஆபிரிக்காவின் மரவள்ளித் தோட்டங்களாகும்.

மரவள்ளி ஆபிரிக்காவுக்குரிய பழம்பயிர் அன்று. தென் அமெரிக்காவினின்றும் போர்த்துக்கேயரால் பதினாறாம் நூற்றாண்டிலே அங்குக் கொண்டுசெல்லப்பட்டது. அது வரட்சியைத் தாங்கும். வளங்குன்றிய மண்ணிலும் விளையும். முற்றிய கிழங்கை உடனே கிண்டாது சில மாதம் நிலத்திலேயே விட்டுவைத்து, வேண்டியபோது வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். ஆதலின் ஏழைக் கமக்காரர்க்கு அது உணவு மாத்திரமன்று. மண்ணிற் புதைத்துவைத்த சேமிப்புமாகும்.

இச் சேமிப்பைச் சூறையாடுவன இரண்டு வைரசு நோய்கள். ஒன்று தேமல் நோய். தான்சானியா ஜேர்மனியர் ஆட்சியிலிருந்த காலத்தில், 1894இல், இது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இளம் இலைகள் வெளிறிய திட்டுக்களோடு சுருங்கிக் கோணிவிடுதலால் இதனைக் காண்டல் அத்துணை அரிதன்று. மற்றையது கபிலக் கீற்று நோய். 1936இல் அதே நாட்டில் விவரிக்கப்பட்டது. இது வஞ்சகமானது. அடியிலைகளின் நரம்போரத்திலே சிறிது மஞ்சள் படரும். செடியோ செழிப்புடன் நிற்கும். கிழங்கைக் கிண்டும் நாளிலேதான், உள்ளே கபிலநிறமாய் இறுகி அழுகி, உண்ணுதற்கு ஆகாததாய் அது கிடத்தல் தெரியவரும். ஓராண்டு உழைப்பு ஒரு காலைப்பொழுதில் வீணாகிவிடும்.

இவ்விரு நோய்களையும் வெண் ஈ பரப்புகின்றது, மனிதனும் பரப்புகின்றான். மரவள்ளி தடி கொண்டு நடப்படுவது. தடியை உறவினரிடமும் அயலவரிடமும் பெற்று நடுதலே வழக்கம். அன்போடு கொடுக்கப்படும் தடிக்கட்டுடன் நோயும் அடுத்த தோட்டத்திற்குப் போய்ச் சேருகின்றது. வைரசு புகுந்த செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை. உரிய காலத்தில் இனங்கண்டு பிடுங்கி அழித்தலும், தூய தடியைத் தேடி நடுதலுமே செய்யத்தக்கன. ஆகவே நோயை அறிதலே முதற் காரியமாகின்றது. ஆயின் அறிந்து சொல்லவல்ல விவசாயப் போதனாசிரியரோ மிகச் சிலர். அவர்கள் சுற்றவேண்டிய கிராமங்களோ மிகப் பல.

இக்குறையை நிரப்ப முன்வந்ததே ‘நுரு’ என்னும் கைத்தொலைபேசிச் செயலி. சுவாகிலி மொழியில் நுரு என்பது ஒளி எனப் பொருள்படும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹியூஸ் என்பாரின் தலைமையில் இயங்கும் ‘பிளான்ற் வில்லேஜ்’ குழுவினர், சர்வதேச வெப்பமண்டல விவசாய நிறுவனத்துடனும் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்துடனும் கூடி இதனை உருவாக்கினர். தொலைபேசியை இலைக்கு நேரே பிடித்தால், அது இன்ன நோய் என்பதைச் செயலி கூறிவிடும். இதன் சிறப்பு யாதெனின், தொடர்பு வசதி இல்லாத காட்டோரத் தோட்டத்திலும் தொலைபேசி தனித்துநின்றே விடையைக் கண்டுகொள்ளும் என்பதாம்.

யந்திரம் இதனை எங்ஙனம் கற்கின்றது? மஞ்சள் திட்டு இருப்பின் இன்ன நோய் என்று யாரும் அதற்கு விதி எழுதிக் கொடுப்பதில்லை. வல்லுநர் பெயர் குறித்த படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்படுகின்றன. யந்திரம் முதலில் ஊகித்து விடை கூறும். பிழைக்குந்தோறும் தன்னுள்ளே அமைந்த எண்ணிறந்த எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளும். பிற பொருள்களின் இலட்சக்கணக்கான படங்களிலே விளிம்பும் நிறமும் வடிவமும் பகுத்துணர முன்னரே பழகிய யந்திரமாயின், புதிய பாடத்திற்குச் சில ஆயிரம் படங்களே போதியனவாகும். தான்சானியாவின் பகமோயோ நகருக்கு அயலிலுள்ள ஆராய்ச்சித் தோட்டங்களில் எடுக்கப்பட்ட 2,756 இலைப்படங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட யந்திரம், தான் முன்னர்க் கண்டிராத படங்களில் 93 சதவீதத்தைச் சரியாக இனங்கண்டது என 2017இல் அறிவிக்கப்பட்டது.

இவ்வெண்ணைக் கண்டு மகிழ்ந்து நின்றுவிடுதல் தகாது. ஆராய்ச்சித் தோட்டத்துப் படம் வேறு, கமக்காரரின் தோட்டம் வேறு. அங்கே வெயில் கண்ணைப் பறிக்கும். இலைமேல் இலை நிழல் வீழும். நோயின் குறியோ மிக மெல்லியதாய் இருக்கும். 2020இல் வெளியான கள ஆய்வில் நுருவின் விடைகளில் 65 சதவீதமே சரியாக இருந்தன. பரீட்சையில் இப்புள்ளி பெற்ற மாணவனை எவரும் தோளில் தூக்கிக் கொண்டாடார். ஆயின் அதே சோதனையில் விவசாய அலுவலர் பெற்றது 40 முதல் 58 வரை. கமக்காரர் பெற்றது 18 முதல் 31 வரை. குறைவுடைய யந்திரமும் பயனுடையதாதல் இவ்வொப்பீட்டாலன்றி விளங்காது. மேலும், ஒரு செடியில் ஓர் இலையை மாத்திரம் காட்டாது ஆறு இலைகளைக் காட்டியபோது அதன் திறன் 74 முதல் 88 சதவீதம் வரை உயர்ந்தது. நோயின் குறி எல்லா இலையிலும் ஒருபடித்தாய்த் தோன்றாமையே இதற்குக் காரணம். பல லட்சம் பொருட்செலவின்றி, பயன்படுத்தும் முறையைத் திருத்தியதனாலேயே கிடைத்த பேறு இது.

பிழைகளும் ஒரு தன்மையின அல்ல. நோயற்ற செடியை நோயுற்றதெனக் கூறின், ஏழைக் குடும்பமொன்று தன் உணவைத் தானே பிடுங்கி எறிந்துவிடும். நோயுற்றதை நலமுடையதெனக் கூறின், அதன் தடிகள் நாலைந்து வீடுகளுக்குப் பரவும். இலை உதிர்ந்தபின் வெட்டிக் கட்டிவைத்த தடியைக் காட்டினால் நுருவால் யாதும் கூறவியலாது. மண்ணினுட் கிழங்கையும் அது காணாது. ஆதலின் தடி தெரிவதற்கு முன்னர், செடி இலையோடு நிற்கும் பருவத்திலேயே, தோட்டத்தை அதனுடன் சுற்றிவருதல் வேண்டும். வீட்டுக்கு வீடு விலையுயர்ந்த தொலைபேசி இருத்தல் இதற்கு அவசியமன்று. கிராமத்தில் ஒருவரிடம் இருந்து, அவர் நன்கு பழகியவராயின் அமையும். ஆனால் மரவள்ளித் தோட்டத்தில் பெரும்பாலும் உழைப்பவர் பெண்களாதலின், அத்தொலைபேசி ஆடவர் சட்டைப்பையிலேயே தங்கிவிடாதவாறு பார்த்தல் வேண்டும்.

நோயை அறிந்தபின் தூய தடி கிடையாதாயின் அறிந்தும் பயன் இல்லை. தான்சானியாவில் நோயற்ற தடிகளைப் பெருக்கி அயலவர்க்கு விற்போரைக் கிராமந்தோறும் உருவாக்கும் முயற்சி இக்காரணத்தினாலேயே மேற்கொள்ளப்பட்டது. யந்திரத்தைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் இம்முயற்சி அருகியே பேசப்படுகின்றது. கமக்காரரின் உலையில் கிழங்கு வேகவேண்டுமாயின் தடி விற்பவரும் அந்த யந்திரத்தைப் போல இன்றியமையாதவரே.

ஈழத்தவர்க்கும் இவ்விடயத்தில் ஓர் உரிமை உண்டு. ஆசியாவில் மரவள்ளியைத் தாக்கும் தேமல் வைரசுகளில் ஒன்று இலங்கையின் பெயரையே பூண்டுள்ளது. அது 2016இல் கம்போடியாவிலும் பின்னர் வியட்நாமிலும் காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆபிரிக்க இலைகளைக் கண்டு பழகிய யந்திரம் வன்னியிலும் வலிகாமத்திலும் வளரும் மரவள்ளி இனங்களின் இலைகளை அவ்வாறே அறியும் என எதிர்பார்த்தல் கூடாது. இவ்வூர் இலைகள் இவ்வூர் வெயிலிலே படம்பிடிக்கப்பட்டு, பயிர்நோய் அறிந்தோரால் ஒவ்வொன்றாகப் பெயர் குறிக்கப்படல் வேண்டும். பள்ளித் தோட்டமும் ஒரு தொலைபேசியும் உள்ள எந்தக் கல்லூரியிலும் இப்பணி தொடங்கப்படலாம்.