கமலை மாட்டின் கணக்கு

பம்புசெட் வருவதற்கு முன்பு தமிழ்நாட்டுக் கிணறுகளில் தண்ணீர் இறைத்த கருவிகளில் ஒன்று கமலை. கொங்குப் பக்கம் கவலை என்பார்கள். கிணற்று விளிம்பில் ஒரு சகடை. அதன்மேல் ஓடும் வடத்தின் ஒரு முனையில் சால், மறுமுனையில் ஒரு ஜோடி மாடு. மாடு நடக்கும் பாதை சமதளமாக இருக்காது. கிணற்றை விட்டு விலக விலகச் சரிந்துகொண்டே போகும். சூட்சுமம் அந்தச் சரிவில் இருக்கிறது.

சாலில் 100 லிட்டர் தண்ணீர், தூக்க வேண்டிய உயரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாலின் எடையும் உராய்வும் இப்போதைக்கு வேண்டாம். 100 கிலோவைப் பூமி இழுக்கும் விசை 980 நியூட்டன். அதை 10 மீட்டரால் பெருக்கினால் 9,800 ஜூல். விசையும், அதன் திசையில் நகர்ந்த தூரமும் சேர்ந்தால்தான் வேலை. சால் பாதிக் கிணற்றில் தொங்க மாடு அப்படியே நின்றுவிட்டால், கழுத்து நோகும், மூச்சிரைக்கும். தண்ணீருக்கு நடந்த வேலையோ பூஜ்யம். இந்த விஷயத்தில் இயற்பியல் கொஞ்சம் ஈரமில்லாத முதலாளி.

இனி சரிவுக்கு வருவோம். மாடு ஒன்று 300 கிலோ என்றால் ஜோடி 600. பத்து மீட்டர் நடப்பதற்குள் பாதை 1 மீட்டர் இறங்கினால், மாடுகளின் எடையே 5,880 ஜூல் தந்துவிடும். காலை ஊன்றி இழுக்க வேண்டியது மீதி 3,920 மட்டும். ஓட்டுகிறவர் வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வதைச் சோம்பல் என்று நினைத்துவிடக் கூடாது. 60 கிலோ ஆளானால் அவர் பங்குக்கும் ஐந்நூற்றுச் சொச்சம் ஜூல் சேரும்.

அப்படியானால் இது இலவசமா? சாலின் தோல் வால் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டியதும், மாடுகள் பின்னாலேயே நடந்து மேடேற வேண்டும். இறங்கும்போது கிடைத்த 5,880 ஜூலை அங்கே ஒரு ஜூல் குறையாமல் திருப்பிக் கட்டியாக வேண்டும். பாதை சமதளமானால் போகும்போது முழுப் பாரம், வரும்போது வெறும் நடை. சரிவு அந்தப் பாரத்தை இரண்டு தவணையாக்குகிறது. 980 நியூட்டன் உந்த வேண்டிய கால்களுக்கு 400கூட வராது.

தின்ற வைக்கோலும் பருத்திக்கொட்டையும் தசை வழியாக மேட்டுத் தண்ணீரின் நிலையாற்றலாகிவிட்டன. வாய்க்காலில் அது தானே இறங்கிப் பயிருக்குப் போகும். எல்லாம் போய்ச் சேராது. சகடை அச்சில் கொஞ்சம் சூடாகவும், தூரத்துக் காடு வரை கேட்கும் அந்தக் கிறீச்சொலியாகவும் கழியும். அதுவும் மாடு தின்ற தீனிதான். அதனால்தான் அச்சுக்கு எண்ணெய் விடுவது.