அருகருகே இரு பதிப்புகள்

மென்பொருள் என்பது முற்றுப்பெற்ற பிறகே நம் கைக்கு வருகிறது என்று எண்ணுவோர் பலர். உண்மையில், பரீட்சித்துப் பார்க்கும் ஆர்வமுடையோருக்காக, அன்றன்றைய அரைகுறை நிலையையே தொகுத்து நாள்தோறும் வெளியிடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஸ்நாப்ஷாட் என்றும், இராப்பொழுதில் தானாக உருவாவதால் நைட்லி என்றும் அதனை அழைப்பார்கள். வரவிருக்கும் வசதியை முன்கூட்டியே கண்டுவிடும் குதூகலமும், வேலை நடுவிலே முறிந்துபோகும் அபாயமும் சேர்ந்தே இருப்பதால், ஸ்திரமான பதிப்பை அகற்றாமல் அதன் அருகிலேயே இதையும் நிறுவிக்கொள்வதுதான் விவேகம்.

அதற்கு முதல் நிபந்தனை வேறு பெயர். மென்பொருளை நிறுவவும் நீக்கவும் உதவும் லினக்ஸின் பேக்கேஜ் மேனேஜருக்குப் பெயரே பிரதான அடையாளம். ஒரே பெயரில் இரண்டு வந்தால், பெரிய எண்ணுடையதைப் புதியதெனக் கொண்டு மற்றதைத் தயக்கமின்றி நீக்கிவிடும். ஆகவேதான் டெபியன் என்னும் லினக்ஸ் வகையில், ஜிசிசி என்னும் கம்பைலரின் பரிசோதனைப் பதிப்பு 'ஜிசிசி-ஸ்நாப்ஷாட்' என்ற தனிப்பெயருடன் வருவதோடு, கம்பைலரையும் அதன் துணைக் கோப்புகளையும் அதே பெயருள்ள ஒரு டைரக்டரிக்குள் ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. கட்டளைகளை எங்கே தேடுவது என்று கணினிக்குச் சொல்லும் 'பாத்' பட்டியலின் தொடக்கத்தில் அந்த இடத்தைச் சேர்த்தவருக்கே அது எட்டும்; சேர்க்காதவர், அப்படியொன்று இருப்பதையே உணராமல் தம் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

எண்ணிடுவதில் சூட்சுமம் இன்னும் அதிகம். தேதியையே எண்ணாக்கி 20240115 என்று குறித்தால் மனிதனுக்கு விளங்கும்; இயந்திரமோ அதை இரண்டு கோடிக்கு மேற்பட்ட எண்ணாகப் படித்து, பின்னர் அதே பெயரில் முறைப்படி வெளிவரும் 2.0 என்பதைப் பழையதென்று ஒதுக்கிவிடும். டெபியன்காரர்கள் இதற்கு அலைக்குறி ஒன்றை வைத்திருக்கிறார்கள். 2.0~20240115 என்று எழுதினால், அக்குறி வெறுமையைக் காட்டிலும் தாழ்ந்ததாக மதிக்கப்படுமாதலால், உண்மையான 2.0 வந்ததும் ஸ்நாப்ஷாட் தானே வழிவிட்டு விலகும். சின்னஞ்சிறு குறிதான், செய்யும் உபகாரம் பெரிது. எண்ணைக் கொண்டே நிலையை உணர்த்தும் முறையும் இருந்ததுண்டு: லினக்ஸின் மையமான கெர்னலில் 2.4 போன்ற இரட்டைப்படை எண் ஸ்திரத்துக்கும், 2.5 போன்ற ஒற்றைப்படை எண் பரிசோதனைக்கும் என்றொரு சம்பிரதாயம் இருந்து, 2.6 வரிசை வந்தபின் கைவிடப்பட்டது. அழகான ஏற்பாடுதான், ஆனால் ரகசியம் அறியாதவனுக்கு எதையும் அறிவிக்காத ஏற்பாடு. 'நைட்லி' என்று பட்டவர்த்தனமாகப் பெயரிலேயே சொல்லிவிடுவது மேல்.

பெயரும் இடமும் பிரிந்தும், பயனருடைய சொந்த விவரங்கள் பிரியாவிட்டால் பிரயோஜனம் குறைவு. முன்பெல்லாம் பயர்பாக்ஸ் உலாவியின் ஸ்திரப் பதிப்பும் நைட்லியும், அவ்விவரங்களை வைத்திருக்கும் புரொஃபைல் ஒன்றையே சாதாரணமாகப் பகிர்ந்து பயன்படுத்தின. புதியது திறந்து மாற்றியமைத்ததைப் பழையது படிக்க முடியாமல் திணறும் சங்கடம் அதனால் நேர்ந்தது. 2019-இல் வந்த 67-ஆம் பதிப்பு முதல் ஒவ்வொரு நிறுவலுக்கும் தனித்தனி புரொஃபைல் அமைகிறது. எல்லா மென்பொருளும் இவ்வளவு கவனத்துடன் செய்யப்படுவதில்லையாதலால், எந்தப் பரிசோதனைப் பதிப்பையும் திறக்குமுன், உங்கள் கோப்புகளையும் அமைப்புகளையும் ஒருமுறை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.