பெரிய பெட்டியில் சிறிய ஊஃபர்

மோட்டார் காரின் டிக்கியில் 12 அங்குல சப்-ஊஃபர்கள் இரண்டைத் தாங்கிய மரப்பெட்டி நல்ல நிலையிலேயே இருக்க, ஊஃபர்களில் ஒன்றின் காயில் கருகிப்போனதாலோ, அவற்றின் முழக்கம் பாட்டையே விழுங்கிவிடுகிறதென்று குடும்பத்தார் சலித்துக்கொண்டதாலோ, அவற்றின் ஸ்தானத்தில் 10 அங்குல ஊஃபர்களைப் பொருத்திவிடலாம் என்ற யோசனை பலருக்கும் தோன்றுவது இயற்கையே. புதுப் பெட்டி செய்யும் செலவு மிச்சம். துவாரம் பெரிதாக இருப்பது ஒன்றுதான் தடை, அதைச் சிறிதாக்கிவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். துவாரத்தைச் சிறிதாக்குவது ஒரு தச்சர் சில மணி நேரத்தில் செய்து தரக்கூடிய வேலை. பெட்டிக்குள் அடைபட்ட காற்றுக்குக் கணக்குப் பார்ப்பதே இதில் முக்கியமானதும், பெரும்பாலோர் மறந்துவிடுவதும் ஆகும்.

ஊஃபரின் கூம்பு முன்னோக்கி நகரும்போது முன்புறத்துக் காற்று நெருக்கப்படுகிறது, அதே கணத்தில் பின்புறத்துக் காற்று தளர்கிறது. இந்த இரண்டு அலைகளும் தடையின்றிக் கலந்தால், தாழ்ந்த நாதத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்தக் கலப்பைத் தடுப்பதே பெட்டியின் முதல் கடமை. வீணையின் பலாமரக் குடத்தைப்போல ஸ்பீக்கர் பெட்டியும் தானே அதிர்ந்து இசைக்க வேண்டும் என்று எண்ணுவது தவறு; வீணையின் குடம் பாடத்தான் வேண்டும், ஸ்பீக்கர் பெட்டியின் பலகையோ ஊமையாக இருக்க வேண்டும். ஆகையால்தான் கனமான எம்.டி.எஃப். பலகையோ, கெட்டியான பிளைவுட்டோ இதற்கு உகந்ததாகிறது.

பெட்டிக்கு இன்னொரு கடமையும் உண்டு. 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர், காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஒரு வில்லாகப் பயன்படுத்தி, கூம்பைத் திரும்ப இழுக்கும் வேலையை அதனிடம் ஒப்படைத்த ஸ்பீக்கரை வெளியிட்டார். பின்னர் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், ரிச்சர்டு ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள், எந்த ஊஃபருக்கு எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும் என்பதை அனுமானத்திலிருந்து மீட்டுக் கணிதத்தின் வசத்தில் வைத்தன. இன்று ஊஃபரோடு வரும் தாளில் அச்சிட்டிருக்கும் எஃப்.எஸ்., க்யூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். என்ற மூன்று எண்களும் அந்த வழியில் வந்தவையே. கூம்பு இயல்பாக அதிரும் வேகம் முதலாவது. அந்த அதிர்வு எவ்வளவு கட்டுக்கு அடங்கியது என்பது இரண்டாவது. கூம்பைத் தாங்கும் விளிம்பின் இழுவைக்குச் சமமான காற்றின் கொள்ளளவு மூன்றாவது.

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். உள்ளளவு 80 சென்டிமீட்டர் நீளம், 35 உயரம், 30 ஆழம் கொண்ட பெட்டியின் கொள்ளளவு 84 லிட்டர். நடுவில் தடுப்பு இருந்தால் அறைக்கு 42 லிட்டர், ஊஃபரின் காந்தமும் சட்டமும் அடைத்துக்கொள்ளும் இடம் போக ஏறக்குறைய 40. எஃப்.எஸ். 32 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். 0.5, வி.ஏ.எஸ். 40 லிட்டர் என்றுள்ள 10 அங்குல ஊஃபரை இந்த அறையில் வைத்தால், அதன் அதிர்வு 45 ஹெர்ட்ஸுக்கு ஏறும். அதிர்வின் கட்டுப்பாட்டைக் காட்டும் க்யூ என்ற எண்ணும் பெட்டிக்குள் 0.7 ஆகும். ஒலி ஏற்றத்தாழ்வின்றி ஒழுங்காக இறங்குவதற்கு அதுவே உத்தமமான அளவு. அதே ஊஃபரை 20 லிட்டரில் அடைத்தால் 55 ஹெர்ட்ஸும், 0.87-ம் வரும், தாழ்ந்த நாதம் குறைந்து, நடுவில் சற்றுப் புடைத்து ஒலிக்கும். எனவே மூடிய பெட்டி பெரிதாக இருப்பது சிறிய ஊஃபருக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால் காற்றின் வில் தளர்வதால் கூம்பு அதிக தூரம் ஓடும். கட்டுக்குள் நிற்காமல் சப்தத்தை உயர்த்துகிறவர் கையில் அது சீக்கிரம் பழுதாகும். 10 அங்குலக் கூம்பின் பரப்பு 12 அங்குலக் கூம்பின் பரப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், அதே முழக்கத்துக்கு அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தூரம் ஓடியாக வேண்டும் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

தயாரிப்பாளர் சொல்லும் அளவைவிடப் பெட்டி மிகப் பெரிதாக இருந்தால், மரக்கட்டைகளையோ கெட்டியான தெர்மாகோல் கட்டிகளையோ உள்ளே அசையாமல் ஒட்டி இடத்தைக் குறைக்கலாம். இங்கே பலர் தலையணைப் பஞ்சைத் திணிக்கிறார்கள், விளைவு நேர்மாறு. பஞ்சு உள்ளிருக்கும் காற்றின் வெப்ப மாறுதலை ஏற்றுக்கொண்டு அதன் வில்லை இளக்குவதால், பெட்டி பெரிதானதைப்போலவே ஊஃபர் உணரும்.

குழாய் வைத்த பெட்டியாயின் விஷயம் வேறு. குழாயின் நீளமும் வாயும் பெட்டியின் கொள்ளளவும் சேர்ந்து ஒரு ஸ்ருதியை நிர்ணயிக்கின்றன. அது பழைய ஊஃபருக்கென்று வைத்த ஸ்ருதி. அந்த ஸ்ருதிக்குக் கீழே கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்று உதவுவதில்லை. கொள்ளளவைப் பாதியாக்கினால் 35 ஹெர்ட்ஸில் இருந்த ஸ்ருதி சுமார் 49-க்கு ஏறிவிடும்; குழாயை நீட்டாமலோ அதன் வாயைக் குறுக்காமலோ அதைத் திரும்ப இறக்க முடியாது. இவ்வளவு திருத்தம் தேவைப்படும் பெட்டியை விட்டுவிட்டுப் புதிதாகச் செய்துகொள்வதே நல்லது என்பது என் உறுதியான அபிப்பிராயம். அல்லது குழாயை இறுக அடைத்து மூடிய பெட்டியாக மாற்றிவிடலாம், அந்த ஊஃபர் அதற்கு ஏற்றதாக இருக்கும் பட்சத்தில்.

இனி தச்சு வேலை. 12 அங்குல ஊஃபருக்கு வெட்டிய துவாரம் சுமார் 28 சென்டிமீட்டர் அகலம். 10 அங்குல ஊஃபரின் சட்டமே அதற்குள் நழுவி விழுந்துவிடும். 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகையில், வெளிவட்டம் பழைய சட்டத்தின் அளவாகவும், உள்வட்டம் புதிய ஊஃபரின் தாளில் கண்ட அளவாகவும் ஒரு வளையம் வெட்டி, பழைய திருகுத் துவாரங்களை மூடும்படி பசையிட்டு முடுக்க வேண்டும். வளையத்துக்கும் பெட்டிக்கும் இடையே சிலிக்கான், வளையத்துக்கும் ஊஃபருக்கும் இடையே நுரைப்பட்டை. ஒரு மயிரிழை இடைவெளியும் உஸ்ஸென்று இரைந்து காட்டிக்கொடுக்கும். மூடிய பெட்டியில் கூம்பை விரல்களால் சமமாக மெல்ல அழுத்திச் சிறிது பிடித்திருந்து விட்டால், அது சிறிது தயங்கித் திரும்ப வேண்டும். உடனே துள்ளினால் எங்கோ காற்று ஒழுகுகிறது.

கடைசியாக ஆம்ப்ளிஃபயரின் பொறுமையையும் சோதித்துவிடக்கூடாது. 4 ஓம் ஊஃபர்கள் இரண்டை இணையாகக் கட்டினால் ஆம்ப்ளிஃபயர் 2 ஓம் சுமையைப் பார்க்கும். ஆம்ப்ளிஃபயரின் தாளில் 2 ஓம் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கம்பியை முடுக்க வேண்டும். ஒன்றரை வோல்ட் பாட்டரியின் நேர்முனையை ஊஃபரின் சிவப்பு முனையிலும், மற்றதைக் கறுப்பிலும் கணப்பொழுது தொட்டால் இரண்டு கூம்புகளும் வெளியே தள்ள வேண்டும். ஒன்று மட்டும் உள்ளே போனால் அதன் கம்பிகளை மாற்றிக் கட்ட வேண்டும்.