உறைபனி உருகும் வரை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் என்றவுடன் கள்ளிச்செடிகளும் சுட்டெரிக்கும் வெயிலுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்குள்ள ஸ்காட்ஸ்டேல் நகரக் கோல்ஃப் திடல்களில் சில நாட்கள் காலை ஆட்டம் குறித்த நேரத்தில் தொடங்குவதில்லை. புல்லின்மீது படிந்திருக்கும் உறைபனியே அதற்குக் காரணம்.

மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை விரைந்து இழக்கிறது. ஆள் உயரத்தில் காற்றின் வெப்பநிலை 2 அல்லது 3 டிகிரி செல்சியஸாக இருக்கும்போதே புல்நுனி 0 டிகிரிக்குக் கீழே சென்றுவிடும். காற்றின் ஈரம் அதன்மேல் பனித்துகளாகப் படியும்; இலைக்குள் உள்ள நீரும் உறையும். அந்நிலையில் காலடி பட்டால், வளைந்து கொடுக்க இயலாத இலையின் செல்கள் நொறுங்குகின்றன. உடனே எதுவும் புலப்படாது. சில நாட்களில் ஒவ்வொரு காலடியும் பழுப்புத் தடமாகத் தெரியும். வளர்ச்சி மந்தமான குளிர்காலத்தில் அத்தடங்கள் மறைய வாரக்கணக்கில் ஆகலாம்.

"ஒரு குழுவை மட்டும் அனுமதித்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. குழி அமைந்திருக்கும் 'கிரீன்' பகுதியில் புல் சில மில்லிமீட்டர் உயரமே வெட்டப்பட்டிருக்கும். நால்வர் கொண்ட ஒரு குழு அங்கே நூற்றுக்கணக்கான காலடிகளை விட்டுச் செல்கிறது. அத்தகைய கிரீன்கள் 18 உள்ளன.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. பத்து நிமிடத்திற்கு ஒரு குழு என்று கொண்டால், இரண்டு மணி நேரத் தாமதம் 12 குழுக்களை, அதாவது 48 ஆட்டக்காரர்களைப் பாதிக்கிறது. குளிர்காலமே அந்நகரில் கட்டணம் மிகுந்த பருவம். மாலை ஐந்தரை மணியளவில் சூரியன் மறைந்துவிடும்; 18 குழிகளை ஆடி முடிக்க நான்கு மணி நேரத்திற்கும் மேலாகும். எனவே, காலையில் இழந்த நேரத்தை மாலையில் ஈடுசெய்ய இயலாது. அவ்வளவும் தெரிந்தே பராமரிப்புப் பொறுப்பாளர் ஆட்டத்தை நிறுத்தி வைக்கிறார். வெயில் பட்ட இடத்தை மட்டும் பார்த்து அவர் முடிவெடுப்பதில்லை. மரநிழலில் கடைசியாக உருகும் கிரீனையும் பார்த்த பின்னரே அனுமதி தருகிறார்.

குளிர்நாடுகளில் விளையாடச் செல்லும் நம் வாடிக்கையாளர்கள் முதல் நேரத்தைத் தவிர்த்துச் சற்றுப் பிந்திய நேரத்தைப் பதிவு செய்வது நலம். புறப்படுமுன் திடலுக்குத் தொலைபேசியில் பேசி நிலைமையை அறிந்துகொள்ளலாம்.

வங்கிப் பணியில் இருக்கும் நாம் இதில் பழக்கமான ஒரு கணக்கைக் காண்கிறோம். ஒரு காலை வருமானத்தை விட்டுக்கொடுத்து, பருவம் முழுதும் வருமானம் தரும் முதல் காக்கப்படுகிறது. அவசரத் தேவை இன்றி முதிர்வுக்கு முன்பே வைப்புத்தொகையை முறிக்க எண்ணுபவர்களிடம் நாம் எடுத்துச் சொல்வதும் இதைத்தான்: இன்று கைக்கு வரும் தொகையை மட்டும் பாராமல், அதற்காக இழக்கப்போகும் வட்டியையும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.