ஒழுங்கை நாயும் இரண்டு வயதுப் பிள்ளையும்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே இறங்குகிற ஒழுங்கைகளில் நாய் இல்லாத ஒழுங்கையைக் காண்பது அரிது. நிறுத்திவைத்த வான் ஒன்றின் நிழலில், முன் சில்லோடு முதுகை ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும். ஞாயிறு பின்னேரம் நாலரை மணிக்குத் தொடர்மாடியின் லிஃப்டை விட்டு ஒரு குடும்பம் வெளியே வருகிறது. தகப்பன் கையில் தண்ணீர்ப் போத்தல், தாயின் தோளில் மாற்றுடுப்புப் பை. நடை பழகி அதிக நாள் ஆகாத பிள்ளையின் காலில் நடந்தால் கீச்சிடும் சப்பாத்து. பெரியவர்களுக்குக் காலி முகத்திடலுக்குப் போகும் எண்ணம். பிள்ளைக்கோ வானின் சில்லடியில் படுத்திருப்பதுதான் எல்லாம். "வவ்வவ்!" என்று குந்திவிடுகிறது. அதன் சட்டையின் பின்பக்கத்தைத் தாய் எட்டிப் பிடிக்கிறாள். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறது. வீட்டிலிருந்து இருபது அடி தூரம். பத்து நிமிடம் போய்விட்டது.

கொழும்பில் சின்னப் பிள்ளையோடு வெளியே போகிற பல குடும்பங்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. எங்கே போகலாம், எதைக் காட்டலாம் என்று பெற்றோர் கலந்து பேசியிருப்பார்கள். பிள்ளை தானாகத் தேடிப் போவது நாயைத்தான். அதைத் தடுத்துப் பயன் இல்லை, தடுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் இந்த நகரத்து நாயைப் பற்றிப் பெற்றோர் சில விஷயங்களைத் தெரிந்துவைத்திருந்தால் அந்த ஞாயிறு நல்லபடியாக முடியும்.

நாய்ப் பாசம் இங்கே ஏன் வீட்டுக்கு வெளியே அலைகிறது என்பதற்கும் ஒரு கதை உண்டு. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வாழும் பலர் வடக்கிலிருந்து வந்தவர்கள். அங்கே வீடு என்றால் வளவு. வளவு என்றால் கிணற்றடி, வேலி, படலை, படலையடியில் ஒரு நாய். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு போர் நெருங்கிவர யாழ்ப்பாணத்து வலிகாமமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, சைக்கிள் கரியரில் ஏற்ற முடிந்ததை ஏற்றினார்கள். நாய்களைப் பலர் அவிழ்த்துவிட்டு வந்தார்கள். அந்த நாயின் பெயரை இன்றும் மறக்காத அம்மம்மாக்கள் இந்தத் தொடர்மாடிகளில் இருக்கிறார்கள். மூன்றாம் மாடியில் நாய் வளர்க்க இடமில்லை. பல கட்டிடங்களில் அனுமதியும் இல்லை. அதனால் சோற்றுப் பானையில் மிஞ்சியதும் மீன் தலையும் ஒரு பேப்பரில் மடிக்கப்பட்டு ஒழுங்கைக்கு இறங்குகின்றன. பேரப்பிள்ளையும் கூடவே இறங்குகிறது.

காலி முகத்திடல் பிள்ளைகளுக்கென்றே விடப்பட்ட இடம் என்று சொன்னால் மிகையில்லை. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலத்தில் தொடங்கி 1859இல் கடலோர நடைபாதை முடிந்தபோது நாட்டிய கல்லில், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைப் பேணிக்கொள்ளும்படி பின்னால் வரும் ஆளுநர்களிடம் வார்ட் கேட்டிருக்கிறார். அந்தக் கல் இன்றும் அங்கே நிற்கிறது. வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் போவதே பிள்ளைக்குப் பாதி விளையாட்டு. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று கடலை உரசிக்கொண்டே போய்க் கொம்பனித்தெருவில் இறங்கி நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு, நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புவது நல்லது. ஐந்து மணிக்கு முன்னால் போனால் அந்தத் திடலில் ஒதுங்க நிழல் கிடையாது.

திடலில் பட்டங்கள், சவர்க்கார நுரைக் குமிழி விற்பவர்கள், இறால் வடை வண்டில்கள். வண்டிலைச் சுற்றி நாய்கள். இரண்டு வயதுப் பிள்ளையின் உயரம் மூன்று அடிக்கும் குறைவு. அதன் கையில் இருக்கிற வடை, நாயின் மூக்குக்கு நேரே இருக்கிறது. நாய் வடையை எட்டுகிறது, பிள்ளை கையை இழுக்கிறது, பல் விரலில் படுகிறது. அதில் நாயின் கோபம் எதுவும் கிடையாது, ஆனாலும் காயம் காயம்தான். சின்னப் பிள்ளைகளுக்கு நாய்க்கடி முகத்திலும் கழுத்திலும் அதிகம் படுவதற்கும் இந்த உயரமே காரணம். ஆகவே வடையைப் பிள்ளை தாயின் மடியில் இருந்து சாப்பிடட்டும். கை துடைத்த பிறகு நாய் பார்க்கலாம்.

இந்த நகரத்துக்கு நாயோடு உள்ள உறவு நேராக வந்ததல்ல. விசர்நாய் நோய்க்கான சட்டம் 1893இலும், நாய்களைப் பதியும் சட்டம் 1901இலும் வந்தன. நெடுங்காலம் கட்டாக்காலி நாய்க்கு அரசு கண்ட வழி பிடித்துக் கொல்வதுதான். நாய் பிடிக்கிற வண்டி வருகிறது என்றால் தெருவே குரல் கொடுத்து நாய்களை வீட்டுக்குள் இழுத்துக்கொண்ட காலத்தைக் கொட்டாஞ்சேனையின் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கொன்றும் நோய் அடங்கவில்லை. 1973ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 377 பேர் விசர்நாய் நோயால் இறந்தார்கள். ஒரு தெருவின் நாய்களை அகற்றினால் அடுத்த தெருவிலிருந்து, தடுப்பூசி போடாத புதிய நாய்கள் அந்த இடத்துக்கு வந்துவிடும்.

2006இல் நாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கைக்கு அரசு மாறியது. அடுத்த ஆண்டு புளூ போ டிரஸ்ட் என்ற கால்நடை மருத்துவர்களின் அமைப்பு கொழும்பு நகரில் நாய்களைப் பிடித்து, தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடும் வேலையைத் தொடங்கிப் பல ஆண்டுகள் நடத்தியது. அதே 2007இல் ஒடாரா குணவர்தன தொடங்கிய எம்பார்க், தெருநாய்க்குட்டிகளுக்கு வீடு தேடிக்கொடுக்க ஆரம்பித்தது. காதின் நுனியில் சிறு வெட்டோடு திரிகிற நாயைக் கண்டால், அது கருத்தடை செய்யப்பட்ட நாய் என்று எடுத்துக்கொள்ளலாம். தடுப்பூசி பரவப் பரவ மரணங்களும் குறைந்தன. அண்மைக் காலத்தில் நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு இருபது முப்பது என்ற அளவுக்கு வந்திருக்கின்றன. இருந்தாலும் இந்த நோய் வெளிப்பட்டபின் காப்பாற்ற மருந்து இல்லை. உலகில் விசர்நாய் நோய் சந்தேகிக்கப்படும் விலங்குக் கடிக்கு ஆளாவோரில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1885 ஜூலையில் பாரிஸில் லூயி பாஸ்டர் தம் மருந்தை முதன்முதலில் ஏற்றிக் காப்பாற்றியதும் நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனைத்தான்.

கடியோ கீறலோ பட்டால் முதல் வேலை தண்ணீர்க் குழாயடிக்கு ஓடுவது. ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பக்கூடாது. பிறகு நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், அங்கே தடுப்பு மருந்து இலவசம். நாயை அடித்துத் துரத்துவது பெரிய பிழை. அது 14 நாள் சுகமாக இருக்கிறதா என்பது வைத்தியருக்குத் தேவையான செய்தி. குட்டிதானே என்று நினைத்துச் சும்மா இருப்பதும் ஆபத்து, நாய்க்குட்டிக்கும் விசர் வரும்.

தெஹிவளை மிருகக்காட்சிசாலை வெள்ளவத்தைக்காரருக்குப் பக்கத்து ஊர். ஜெர்மானியரான ஜோன் ஹாகன்பெக் தொடங்கிய இடத்தை 1936இல் அரசு எடுத்துக்கொண்டது. யானையும் சிங்கமும் பெரிய பிள்ளைகளுக்கு. இரண்டு வயதுக்குச் சிங்கம் மிகத் தூரம், அசைவதும் இல்லை. கூட்டுக்கு வெளியே நடந்து போகிற பூனைக்குத்தான் அது கை தட்டும்.

ரயிலில் இன்னும் கொஞ்சத் தூரம் போனால் கல்கிசைக் கடற்கரை. மாலையில் நாய்கள் மணலில் குழி தோண்டிப் படுத்திருக்கும். அங்கே பற்களைவிட மணலைக் கவனிக்கவேண்டும். நாயின் மலத்தோடு கலக்கிற கொக்கிப்புழுவின் குடம்பி, ஈரமான மணலிலிருந்து வெறுங்காலின் தோலுக்குள் நுழைந்து, வளைந்து வளைந்து போகும் சிவப்புத் தடம் ஒன்றை உண்டாக்கும். தாங்கமுடியாத சொறி. அலை அடித்துக் கழுவுகிற மணலில் விளையாடவிட்டு, வீடு வந்ததும் காலைக் கழுவினால் பெரும்பாலும் தப்பலாம்.

கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் குடும்பங்களின் ஞாயிறு வேறு மாதிரி. பலருக்கு அது பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் தொடங்கும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் எழுப்பிய கோயில் அது. வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே கால் குளிரும். சிவன் கோயில்களில் வடகிழக்கு மூலை வைரவருக்குரியது. வைரவரின் வாகனம் நாய். தகப்பனின் இடுப்பில் இருக்கிற பிள்ளை, விளக்கு வெளிச்சத்தில் சூலத்தையோ வடைமாலையையோ பார்ப்பதில்லை. காலடியில் நிற்கிற கருங்கல் நாயைக் கண்டுவிட்டு, மணியோசைக்கு மேலே "வவ்வவ்!" என்று கத்தும். பக்கத்தில் நிற்கிற ஆச்சி, "ஓம் ராசா, வைரவற்ற நாய், கும்பிடு" என்பாள். பிள்ளை கும்பிடாமல் கையை ஆட்டும்.

பின்னேரம் முகத்துவாரப் பக்கம் நடந்தால் வள்ளங்களுக்குப் பக்கத்தில் மீன் குடலுக்குக் காத்திருக்கும் நாய்கள். தின்கிற நாய், தூங்குகிற நாய், குட்டி போட்ட நாய், கட்டிப்போட்ட நாய் – இந்த நாலின் பக்கத்திலும் பிள்ளையைக் கொண்டு போகக்கூடாது. மற்ற நாயென்றால் பெரியவர் முதலில் குந்தி, மூடிய கையைத் தாழ்த்திக் காட்டவேண்டும். நாய் தானாக வந்து மணந்தால் பிள்ளையின் கையைப் பிடித்து, தலையில் அல்ல, முதுகுப் பக்கம் ஒருமுறை தடவவிடலாம். கட்டிப்பிடிக்க விடக்கூடாது, பிள்ளைக்கு அது பாசம், நாய்க்கு அது பிடி. வால் ஆடுகிறது என்பதற்காக நம்பிவிடவும் முடியாது. உடல் விறைத்து, வால் மட்டும் உயர்ந்து ஆடினால் விலகிவிட வேண்டும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு மரம் மாதிரி அசையாமல் நிற்கும் விளையாட்டைச் சொல்லிக்கொடுக்கலாம். இரண்டு வயதுக்கு அது புரியாது, பெரியவரின் கைதான் காவல்.

வெள்ளவத்தை ஒழுங்கைக்குத் தடுப்பூசி போடுபவர்கள் வருகிற நாள் தனி. நாய்க்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் யாரும் கை உயர்த்துவதில்லை. பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரியும்: கடைக்காரருக்கு அது கலு, மூன்றாம் மாடி அம்மம்மாவுக்கு அது டொமி. இரண்டு பெயருக்கும் அது வாலாட்டும். கடைக்காரர் பிஸ்கட்டைக் காட்ட, அம்மம்மா கழுத்தைப் பிடிக்க, ஊசி ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. பிள்ளை தாயின் இடுப்பிலிருந்து எட்டிப் பார்த்து, போன மாதம் தனக்கு ஊசி போட்ட இடத்தைத் தொட்டுக் காட்டுகிறது.